ஒலி குறைக்கும் விரல்: ஒரு ரசனை ஆராய்ச்சி

கல்வெட்டுகளும் செப்பேடுகளும் படிப்பாரற்றுக் கிடக்கையில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் சத்தத்தைத் திடீரென்று குறைக்கிற அற்ப காரியத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு காகிதத்தை விரயம் செய்வானேன் என்று கேட்கக்கூடிய பெரியோர்களுக்கு முதற்கண் ஒரு விண்ணப்பம். கல்வெட்டு எங்கும் ஓடிவிடாது. அதைப் படிக்க நாளைக்கும் அவகாசம் உண்டு. சத்தத்தைக் குறைக்கிற விரலோ கண்மூடித் திறப்பதற்குள் ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிடுகிறது. க்ஷணத்தில் மறைவதைப் பதிவு செய்வதே ஆராய்ச்சியாளனின் தலையாய கடமை என்று கருதி இம்முயற்சியில் இறங்குகிறோம்.

களமாகப் புதுவாயலைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. சென்னைக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், முன்பு ஜி.என்.டி. ரோடு என்றும் பிறகு 5-ம் நம்பர் என்றும் இப்போது 16-ம் நம்பர் என்றும் வழங்கும் கல்கத்தா நெடுஞ்சாலையின்மேல், பெரியபாளையம் சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது இவ்வூர். ரயில் வேண்டுவோர் கவரப்பேட்டைக்குப் போகவேண்டும். மற்றையோருக்கு பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் கம்பெனி வண்டியுமே கதி. ரயிலில் போகிறவன் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தனக்கு வேண்டியதைத் தான் மட்டும் கேட்டுக்கொள்கிறான். அவனுடைய ரசனை அந்தரங்கம். பஸ்ஸில் போகிறவனோ டிரைவருடைய ரசனையை நாற்பது பேரோடு பங்கிட்டுக்கொள்ள விதிக்கப்பட்டவன். ரசனை பொதுச் சொத்தாகும் இடத்தில்தான் வெட்கம் பிறக்கிறது. வெட்கம் பிறக்கிற இடத்தில்தான் நமக்கு வேலை.

காலை ஷிப்டுக்குப் போகும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன் புதுவாயல் கூட்டுரோட்டில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து உறங்கிவிடுவார்கள். உறங்க உரிமையில்லாத ஒரே ஜீவன் டிரைவர். அவருடைய பென் டிரைவ் செருகுமிடத்தில் தளர்ந்துபோய் ஆடுவதால், தீப்பெட்டி அட்டையை மடித்து அணை கொடுத்திருக்கிறார். செல்போன் கடையில் காசு கொடுத்து ஏற்றிக்கொண்ட அந்தப் பென் டிரைவுக்குள் ‘அம்மன்’, ‘ராஜா சார்’, ‘90ஸ் ஹிட்ஸ்’, ‘சோகம்’ என்று பகுப்புகள் பல. மூன்றாவது பகுப்புத் திறந்து, ‘பூவே உனக்காக’ படத்துக் கோஷ்டி கானம் லாலாலா என்று எழுந்து வண்டி முழுதும் நிறைந்திருக்கும் வேளையில், இஸ்திரி குலையாத சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, குவாலிட்டி பிரிவைச் சேர்ந்த இன்ஜினீயர் ஒருவர் ஏறுகிறார். விரல் நீளுகிறது. லாலாலா பாதியில் தேய்ந்து போகிறது.

“ராஜா சார் பாட்டு போடட்டுங்களா சார்?”

“போடுங்கண்ணே, அதுக்கென்ன.”

இவ்விதமாக இருவருடைய மரியாதையும் காப்பாற்றப்பட்டபின், இன்ஜினீயர் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தம் போனைத் தட்டுகிறார். போனின் முகத்தில் ஒளிர்வது ‘சூர்யவம்சம்’ படத்தின் சித்திரம். ‘பூவே உனக்காக’வுக்கும் ‘சூர்யவம்ச’த்துக்கும் இசை எஸ்.ஏ. ராஜ்குமார். ஆக, ஒரே இசையமைப்பாளரிடம் அபிமானம் கொண்ட இருவர், ஒருவருக்கொருவர் அதைத் தெரிவிக்காமல், இரண்டடி இடைவெளியில் அமர்ந்தபடி, இருவருமே அப்போது கேட்க விரும்பாத வேறொரு மகா வித்துவானின் பாட்டு நடுவே ஒலிக்க, கும்மிடிப்பூண்டி போய்ச் சேருகிறார்கள்.

இனி இலக்கணம் வகுக்க வேண்டும். தருக்க நூலோர் ஓர் இலக்கணத்துக்கு அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்று மூவகைக் குற்றம் நேரக்கூடும் என்பார்கள். மூன்றுக்கும் இடங்கொடாமல் நாம் வகுக்கும் இலக்கணம் இது: எவருடைய பாட்டு எல்லோருக்கும் மனப்பாடமோ, ஆயினும் உமக்குப் பிடித்த இசையமைப்பாளர் யார் என்ற வினாவுக்கு எவருடைய பெயரை ஒருவரும் விடையாகச் சொல்வதில்லையோ, அவரே ‘சபைக்காகாதவர்’ எனப்படுவார். மனப்பாடம் என்றதனால் யாருக்கும் தெரியாதவர் விலக்கப்பட்டார்; விடையாகச் சொல்வதில்லை என்றதனால் விசுவநாதனும் இளையராஜாவும் ரஹ்மானும் விலக்கப்பட்டார்கள். எஞ்சியோர் கூட்டம் பெரிது. சங்கர் கணேஷ், சந்திரபோஸ், டி. ராஜேந்தர், தேவா, எஸ்.ஏ. ராஜ்குமார் முதலானோர் அதில் முன்னிற்பவர்கள். இக்கால இளைஞர்கள் இத்தனை சிரமப்படாமல் ‘கிரிஞ்சு’ என்று ஒரே வார்த்தையில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஷிப்டு நேரம் நெருக்கடி.

சபைக்காகாமை என்பது பாட்டின் குணத்தால் நேர்வதென்று எண்ணுவோர் அகில இந்திய வானொலியின் சரித்திரத்தைப் பார்க்கவேண்டும். 1940-ல் ஆர்மோனியம் என்ற சாதுவான பெட்டியை அந்த ஸ்தாபனம் உள்ளே வராதே என்று தடுத்தது. தடை தளர்ந்தது 1971-ல். 1952-ல் மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டு மொத்தமுமே சபைக்காகாததாகி, ஜனங்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பிக்கொள்ள, 1957 அக்டோபரில் விவித பாரதி என்று ஒன்றை ஏற்படுத்திச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்றைக்கு எவருடைய பெயரைச் சொன்னால் ரசிகன் என்ற கௌரவம் கிட்டுகிறதோ, அந்த விசுவநாதன்-ராமமூர்த்தியின் இளமைக்கால மெட்டுகளெல்லாம் சர்க்கார் கணக்கில் தீட்டுப்பட்டவையாக இருந்தன என்பதை இன்ஜினீயர் அறியமாட்டார்.

ஒலி குறைப்பதைக் காட்டிலும் நுட்பமான தந்திரம் ஒன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அதைத் தத்துக் கொடுத்தல் என்று பெயரிடுவோம். ஒருவருக்கு ஒரு பாட்டு உயிராகப் பிடித்துவிடுகிறது. அது சபைக்காகாதவர் போட்டதென்று ஒப்புக்கொள்ள மனம் கூசுகிறது. உடனே அந்தப் பாட்டை மனத்தளவில் இளையராஜாவின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார். ‘பாலைவனச்சோலை’ 1981-ல் வந்தது. இசை சங்கர் கணேஷ். அதே ஆண்டில் வந்த ‘கிளிஞ்சல்கள்’ படத்துக்கு இசை டி. ராஜேந்தர். 1984-ல் வந்த ‘அச்சமில்லை அச்சமில்லை’க்கு வி.எஸ். நரசிம்மன். டீக்கடை பெஞ்சில் இவற்றின் பாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். ராஜா ராஜாதான் என்ற பெருமூச்சு எழும். இளையராஜா 1976-ல் ‘அன்னக்கிளி’ தொடங்கிச் செய்து குவித்தவை ஏராளம். அவருக்கு இந்தச் சில்லறை வரவு தேவையே இல்லை. பெற்றவர்களுக்கோ இருந்தது அதுதான்.

இவர்களுள் டி. ராஜேந்தரின் நிலை விசித்திரமானது. அவருடைய பாட்டுகள் சபைக்காகாதவை அல்ல, அவரே சபைக்காகாதவர். தாடியையும், அடுக்குமொழியையும், பேசும்போது தலை சிலுப்புவதையும் கண்டு சிரிப்பவர்கள், 1980-ல் ‘ஒருதலை ராகம்’ வந்தபோது கல்லூரி மாணவர்கள் எப்படி உருகினார்கள் என்பதைத் தங்கள் தகப்பனாரைக் கேட்டு அறியலாம். அதற்கு மறுவருஷம் ‘ரயில் பயணங்களில்’. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கண்ணீர், கண்ணைத் திறந்தால் சிரிப்பு என்ற இந்த இருமை உலகத்தில் வேறெந்தச் சங்கீதக்காரருக்கும் வாய்த்திருக்கிறதா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. நாம் அதில் புகவில்லை.

நிற்க. சபைக்காகாதவர்மேல் அன்பு எவ்வாறு உற்பத்தியாகிறது? இதற்கு ஒலிநாடா யுகத்துக்குப் போகவேண்டும். கடைத்தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலம் அது. வாடிக்கைக்காரர் கோடு போட்ட தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் இரண்டு நாள் கழித்து வரச்சொல்லுவார். 60 நிமிஷ நாடாவில் பக்கத்துக்கு 30 நிமிஷம். பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிஷம் வீதம் ஆறு பாட்டுகளுக்கு 27 நிமிஷம். மிச்சம் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தைச் சும்மா விட்டால் நாடா ஓடித் தீரும்வரை ‘சர்’ரென்ற சத்தம் கேட்கும், வாடிக்கைக்காரர் சண்டைக்கு வருவார். ஆகையால் கடைக்காரர் கைக்கு அகப்பட்ட சின்னப் பாட்டு ஒன்றை இட்டு நிரப்புவார். பக்கத்துக்கு எழுதிக் கொடுத்த ஆறும் கௌரவத்துக்காகக் கேட்டவை; கேளாமல் வந்த ஏழாவது சந்திரபோஸோ சங்கர் கணேஷோ போட்டதாக இருக்கும். ஆறு மாதம் ஓடி நாடா தேய்ந்தபின், வீட்டார் அனைவரும் முணுமுணுப்பது அந்த ஏழாவதைத்தான். மிச்ச இடத்தில் வந்து குடியேறியதனால் அதற்குப் பட்டா மட்டும் கிடைக்கவில்லை.

சங்கர் கணேஷ் இரட்டையரின் வரலாற்றை நோக்கினால் அவர்கள் மிச்ச இடத்துக்கு உரியவர்களே அல்லர் என்பது விளங்கும். 1967-ல் ‘மகராசி’யில் தொடங்கினார்கள். 1972-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘நான் ஏன் பிறந்தேன்’, ‘இதய வீணை’ இரண்டுக்கும் அவர்களே இசை. ‘ஆட்டுக்கார அலமேலு’வும் ‘நீயா’வும் ‘சம்சாரம் அது மின்சார’மும் அவர்களுடையவை. சந்திரபோஸோ ‘மனித’னிலும் ‘ராஜா சின்ன ரோஜா’விலும் ரஜினிகாந்துக்கே மெட்டுப் போட்டவர். பட முதலாளி ராஜாவின் தேதிக்காகக் காத்திருக்க முடியாத அவசரத்தில் இவர்களிடம் ஓடிவந்தார் என்று சொல்லுவார்கள். அவசரத்துக்கு உதவினவனைப் பிற்பாடு மறந்துபோவது நம் நாட்டில் சங்கீதத்துக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

இப்பொழுது ஆராய்ச்சியின் இருதய ஸ்தானமாகிய லாலாலாவுக்கு வருகிறோம். 1987-ல் ‘சின்னப்பூவே மெல்லப் பேசு’வில் அறிமுகமான எஸ்.ஏ. ராஜ்குமார், டைரக்டர் விக்கிரமனோடு சேர்ந்து ‘புது வசந்தம்’, ‘பூவே உனக்காக’, ‘சூர்யவம்சம்’, ‘உன்னிடத்தில் என்னைக் கொடுத்தேன்’, ‘வானத்தைப்போல’ என்று கொடுத்த படங்களில், அண்ணன் தியாகம் செய்தாலும் தங்கை திரும்பி வந்தாலும் ஏழை பணக்காரனானாலும் பெண்கள் கோஷ்டி ஒன்று லாலாலா பாடும் என்பது நாடறிந்த பரிகாசம். இப்பரிகாசத்துக்கு இலக்கண ஆதாரமே இருக்கிறது என்பதை முதன்முதலாக இக்கட்டுரையில் வெளியிடுகிறோம். மொழிக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகளை எண்ணிக் காட்டிய தொல்காப்பியரும் நன்னூலாரும் லகரத்துக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை. லக்ஷ்மணனே இகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இலக்குவனாகத்தான் தமிழுக்குள் நுழைய முடிந்தது. அந்த முறைப்படி ராஜ்குமார் ‘இலாலாலா’ என்று தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. சான்றோர் முகம் சுளித்ததற்கு இந்த வழுவே மூலகாரணமாயிருக்கலாம்.

இதற்குப் பூர்வபட்சி ஒருவர் எழுந்து, பொருளற்ற ஒலிகளைக் கொண்டு பாட்டை நிரப்புவது சோம்பேறித்தனம், இலக்கணத்தை ஏன் இழுக்கிறீர் என்பார். அவருக்கு மறுமொழி: மார்கழிக் கச்சேரியின் கடைசியில் வருகிற தில்லானாவில் பொருளுள்ள வார்த்தை எத்தனை? லால்குடி ஜெயராமனின் தில்லானாவுக்குத் தலையாட்டுகிற மாமா யாரும் அதன் அர்த்தம் யாதென்று எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை. தில்லானாவில் மிகுதியாக வருவன தகரமும் திகரமும் நகரமும். அதாவது வல்லினமும் மெல்லினமும். ராஜ்குமார் எடுத்துக்கொண்டது இடையினம். இந்தப் பேதம் ஒன்றைத் தவிர வேறு குற்றம் அவர்மேல் நிரூபணமாகாது. அன்றியும், தமிழ்க் குழந்தை பிறந்ததும் முதலில் கேட்கிற சங்கீதம் தொட்டிலருகே தாயின் நாக்கு லகரத்திலும் ரகரத்திலும் புரளுகிற தாலாட்டுத்தான். பிள்ளைத்தமிழ் பாடிய பெரும்புலவர்கள் தாலப்பருவம் என்று பத்துப் பாட்டையே அதற்கு ஒதுக்கினார்கள்.

பரிகாசத்தை அகற்றிவிட்டுப் பார்த்தால் லாலாலாவின் சூட்சுமம் வேறு. வார்த்தை உள்ள பாட்டில் சேர்ந்துகொள்ள அந்த வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். கமகம் உள்ள பாட்டில் சேர்ந்துகொள்ளக் குருகுலவாசம் வேண்டும். லாலாலாவில் சேர்ந்துகொள்ள வாய் இருந்தால் போதும். உருக்காலையில் எட்டு மணி நேரம் நின்று, தொண்டை வறண்டு, காது அடைத்துப் போய்த் திரும்புகிறவனுக்கு அதைப் பாட மூச்சு மிஞ்சும். ராஜ்குமார் அந்த ஒற்றை மெட்டைப் படத்தில் சந்தோஷத்துக்கு ஒரு முறை, துக்கத்துக்கு ஒரு முறை, ஒன்றும் நடவாத இடத்துக்கு இன்னொரு முறை என்று திரும்பத் திரும்பக் கொண்டுவருவதனால், இடைவேளைக்குள் கொட்டகை முழுவதும் அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. அவருடைய படங்களின் லாலாலாக்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் எது எந்தப் படமென்று பிரிப்பது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கஷ்டந்தான். அதனால் என்ன?

கும்மிடிப்பூண்டிப் பிரதேசத்துக்கே உரிய சான்று ஒன்றைக் காட்டுவோம். ஷேர் ஆட்டோவில் உள்ளூர்த் தமிழரும், தடாவிலிருந்து வருகிற தெலுங்கரும், பீகாரிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருக்கிறவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பது இங்கே அன்றாடக் காட்சி. மூவருக்கும் பொதுமொழி கிடையாது. 1997-ல் தமிழில் சரத்குமார் நடித்த ‘சூர்யவம்சம்’ மறுவருஷம் தெலுங்கில் வெங்கடேஷ் நடிக்க அதே ராஜ்குமாரின் இசையோடு வந்தது. 1999-ல் இந்தியில் அமிதாப் பச்சன் நடிக்க, அனு மாலிக் இசையில் ‘சூர்யவன்ஷம்’ ஆயிற்று. அந்த இந்திப் படத்தை ஒரு டெலிவிஷன் சேனல் ஓயாமல் ஒளிபரப்பியதும், அதுபற்றி வடநாட்டார் செய்த கேலியும் பிரசித்தம். ஆகவே அந்த ஆட்டோவில் டிரைவர் அந்தப் படத்துப் பாட்டைப் போட்டால், ஒருவர் மெட்டையும், ஒருவர் மெட்டோடு வெங்கடேஷையும், மூன்றாமவர் படத்தின் பேரைச் சொன்ன மாத்திரத்தில் கதை முழுவதையும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்குச் சபைக்காகாதவர்கள் ஆற்றுகிற தொண்டு சபைக்காகிறவர்கள் ஆற்றுகிறதற்குக் குறைந்ததன்று. அந்தப் பீகாரித் தொழிலாளி தம் போனில் போஜ்புரிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கையில் சூப்பர்வைசர் வந்தால் அவரும் விரலை நீட்டுகிறார் என்பது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. விரலுக்குப் பாஷை பேதம் இல்லை.

தேவாவின் மேல் சுமத்தப்படும் குற்றம் வேறு வகை. மெட்டுகளை வெளியிலிருந்து எடுத்தார் என்பதே அது. இதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. புதுவாயலிலிருந்து தெற்கே, எண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கும் மணலிக்குப் போனால் போதும். அவ்வூர்ப் பிரபு முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் தகப்பனார் ராமசாமி தீக்ஷிதரோடு வாழ்ந்த முத்துசாமி தீக்ஷிதர், ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வரம் என்று பெயர் பெற்ற அவ்வகையில் சுமார் 40 உருப்படிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டேதான். இன்றைக்கும் குழந்தைகளுக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்து மேடையேற்றிப் பெற்றோர் கைதட்டுகிறார்கள். தீக்ஷிதர் மூலத்தை ஒளிக்கவில்லை, தேவா சொல்லவில்லை என்ற வித்தியாசம் உண்டு. அந்த அளவில் குற்றப்பத்திரிகை செல்லும். சில மெட்டுகளுக்கு எவ்வித வக்காலத்தும் செல்லுபடியாகாது. ஆனால் அதற்காக ‘ஆசை’யையும் ‘காதல் கோட்டை’யையும் ‘நேருக்கு நேர்’ படத்தையும் ‘முகவரி’யையும் சேர்த்துத் தள்ளிவிடுவது, ஒரு குழம்பில் உப்பு மிகுந்ததென்று சமையற்காரரின் சம்பளத்தையே பிடித்துக்கொள்கிற நியாயம்.

தேவாவிடம் முகம் சுளித்ததற்குச் சொல்லப்படாத காரணம் கானா. வடசென்னையில் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பாடப்பட்டதை அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அழைத்து வந்தார். தாமே வாயைத் திறந்து பாடினார். மெட்டு வெளிநாட்டிலிருந்து வந்தால் திருட்டு என்றவர்கள், மெட்டு வியாசர்பாடியிலிருந்து வந்தால் அசிங்கம் என்றார்கள். 2018 ஜனவரியில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கோஷ்டி சென்னையில் மேடையேறிக் கானா பாடியபோது எழுந்து நின்று ஆடிய இளைஞர்களுள் எத்தனை பேர் தேவாவை நினைத்துக்கொண்டார்களோ. ரஜினிகாந்தின் பெயர் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விழும்போது எழும் ஓசை 1992-ல் ‘அண்ணாமலை’க்காக அவர் அமைத்தது, பின்வந்த படங்கள் பலவற்றிலும் அதுவே ஒலித்தது. அந்த ஓசைக்குக் கொட்டகையில் யாரும் காதைப் பொத்துவதில்லை. யார் போட்டது என்று கேட்பதுமில்லை.

மேல்நாட்டு அறிஞர் மதத்தையும் காட்டுவது ஆராய்ச்சி மரபாதலின் சுருங்கச் சொல்லுவோம். பிரான்சு தேசத்துப் பியர் பூர்தியூ 1,217 பேரிடம் வினாத்தாள் கொடுத்து அவர்களுடைய ருசிகளை விசாரித்து, படிப்பும் அந்தஸ்துமே ருசியைத் தீர்மானிக்கின்றன என்று 1979-ல் பெரிய புத்தகம் எழுதினார். கானடாவைச் சேர்ந்த கார்ல் வில்சன் என்ற விமர்சகர், தமக்குச் சற்றும் பிடிக்காத செலின் தியோனின் பாட்டு ஏன் பிடிக்கவில்லை என்பதை ஆராய்ந்து 2007-ல் ஒரு நூலே வெளியிட்டார். சுவீடன் நாட்டு ‘அப்பா’ என்ற பாட்டுக் குழுவை எழுபதுகளில் ஏளனம் செய்த விமர்சக வர்க்கம், 2022-ல் லண்டனில் அந்நால்வரின் ஒளியுருவங்களைப் பார்க்கச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றது. மூவகைச் சான்றும் நம் கொள்கைக்கு அனுகூலமே. எனினும் பூர்தியூவின் முறையில் ஒரு குறை உண்டு: தாளில் கேட்டால் மனிதன் பொய் சொல்லுவான். புதுவாயல் முறையில் வாயைத் திறக்கவே விடுவதில்லை. விரலை மாத்திரம் பார்க்கிறோம்.

விரல் நீளாத இடம் ஒன்று இருப்பதையும் பதிவு செய்தாக வேண்டும். ஆடி மாதத்து ஞாயிறுகளில், வேப்பஞ்சேலை கட்டும் பிரார்த்தனைக்காகப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போகும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஜனங்கள் புதுவாயலில்தான் திரும்புகிறார்கள். அன்றைக்கு வழி நெடுகக் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்களில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவர். நல்ல குடும்பத்துக் கதாநாயகிக்குக் குரல் கொடுக்க மற்றவர்களை அழைத்தவர்கள், கண்ணாடிக் கோப்பையும் மினுக்கு விளக்கும் வந்தால் இவரை அழைத்தார்கள். அதே தொண்டை ஆடியில் அம்மனை அழைக்கும்போது டி.எஸ்.பி.யின் ஜீப்பு வந்தாலும் ஒருவரும் சத்தத்தைக் குறைப்பதில்லை. பக்தி, வெட்கத்திலிருந்து பெறும் விதிவிலக்கு இது. பாட்டு நல்லதா என்று கேட்டால் சாமி குத்தமாகிவிடும் என்ற பயமும் உடனிருக்கிறது.

சபைக்காகாமை நிரந்தர தண்டனையன்று. ஒரு தலைமுறைக் காலத்தில் தானே தீர்ந்துவிடுகிறது. டவுன் பஸ்ஸில் தாய் மடியிலிருந்து தேவாவைக் கேட்ட குழந்தைகள் வளர்ந்து, சம்பாதித்து, சீட்டு வாங்கத் தகுதி பெற்றதும் மன்னிப்பு வழங்கப்பட்டது. 2022 நவம்பரில் சென்னையில் ‘தேவா தி தேவா’ என்று பெருங்கச்சேரி நடந்தது. ரஜினிகாந்தே மேடையேறிப் பேசினார். இதில் நமக்கு ஓர் ஆட்சேபணை. மன்னிப்பு ‘பழைய ஞாபகம்’ என்ற பெயரில் வருகிறது. பாட்டு நன்றாயிருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்போது நாங்கள் சின்னப் பையன்கள், அது ஒரு காலம் என்கிறார்கள். 1995-லேயே, கேலி செய்தவர்கள் நடுவில், சத்தத்தைக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேனும் அதை விடாமல் கேட்ட மனிதர் இருந்தாரே, அவருக்கு அந்தக் கச்சேரியில் தனி வரிசை இல்லை. நேற்றுவரை சிரித்தவர் பக்கத்திலேயே நாற்காலி. குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை என்பதுதான் அந்த விரலின் பெருமை. பிடிக்காத பாட்டானால் அடுத்ததைத் தட்டியிருப்பார். பிடித்ததனால்தான் மெல்லிய சத்தத்திலாவது ஓடட்டும் என்று விட்டார்.

ஆகவே சித்தாந்தம் இது: ஒருவர் எந்த இசையமைப்பாளரை உண்மையாக நேசிக்கிறார் என்று அறிய அவருடைய வாக்குமூலத்தை ஏற்கலாகாது; பிறர் வரும்போது எந்தப் பாட்டின் சத்தத்தைக் குறைக்கிறார் என்பதே பிரமாணம்.

விழா எடுக்கும் வசதி படைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. சந்திரபோஸ் 2010-ல் காலமாகிவிட்டார். அவருக்கு இனி எடுப்பது நினைவஞ்சலி. எஸ்.ஏ. ராஜ்குமாருக்கு இப்போதே எடுத்துவிடலாம். மேடைக் கோஷ்டிக்குப் பாடகிகளை அமர்த்தும் செலவுகூட மிச்சம். லாலாலா பாட வந்தவர்களே போதும்.